நியூட்ரலில் இறங்கினால் மிச்சம் என்ற செய்தி தவறு

குன்னூர், கல்லட்டி மலைப்பாதைகளில் இறங்கும்போது வண்டியை நியூட்ரலில் விட்டால் எரிபொருள் மிச்சமாகும், பிரேக்கும் தேயாது என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது, இரண்டுமே தவறு. கியரில் இருக்கும்வரை எஞ்சினே சக்கரங்களை இழுத்துப் பிடிக்கிறது. நியூட்ரலிலோ வண்டியின் வேகம் முழுவதையும் பிரேக் மட்டுமே அடக்க வேண்டியிருப்பதால், அது அளவுக்கு மீறிச் சூடாகி, 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிச் சாலையில் பாதி வழியிலேயே பிடிக்காமல் போகலாம். மிச்சக் கணக்கும் பழைய கார்புரேட்டர் காலத்துக் கணக்குதான்: இன்றைய பெரும்பாலான கார்களில், கியரில் இருந்தபடி ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கும்போது எரிபொருள் செல்வது நின்றுவிடும், நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடுவதற்கு அது செலவாகும். ஐயமிருப்பவர்கள் தங்கள் வண்டியின் கையேட்டையும், இறக்கத்தில் குறைந்த கியரில் செல்லச் சொல்லும் சாலையோரப் பலகைகளையும் பார்க்கலாம். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.