குதிரைக்கு ஒரு கட்டு புல்லு கொண்டு போனா குத்தமா?

நுவரெலியாவில இருந்து பதுளைக்கு அறுபது கிலோமீட்டர் கூட இல்ல. நேத்து எனக்கு அஞ்சரை மணித்தியாலம். அதுல மூனு மணித்தியாலம் லொறி ஹக்கலைக்கு இங்காலயே நின்னுச்சு.

கல்யாண ஊர்வலத்துக்கு மட்டக்குதிரைய ஏத்திக்கிட்டு போறேன். மிருக வைத்தியரோட சுகச் சான்றிதழ், கிராம சேவகர் கடிதம், செயலகத்து அனுமதி, எல்லாம் கையில இருக்கு. அந்த அனுமதிப் படிவத்துல மாடு, எருமை, ஆடுன்னு அச்சடிச்சிருக்கான். குதிரை இல்ல! 1875ல இருந்து ரேஸ் ஓடுற ஊருய்யா இது. லிகிதர் "மாடு"ங்கிறத வெட்டி பேனையால குதிரைன்னு எழுதினாரு. ரோட்டுல மறிச்ச பொலிஸ் மாத்தயாவுக்கு அந்த வெட்டு மட்டுந்தான் கண்ணுல பட்டுச்சு. வெட்டின இடத்துல சீல் இல்லையாம். சரி, அது நியாயம்னே வச்சுக்குவோம்.

அடுத்து புல்லுக்கு வந்தாரு. மழை கொட்டுது, படங்க அவிழ்க்கச் சொல்லி ஒவ்வொரு கட்டா கம்பால குத்துறாரு. குதிரை பலகை இடுக்கால மூக்க நீட்டி அந்தக் கம்ப மோந்து பார்க்குது. "பதுளையில வைக்கோல் இல்லையா, ஏன் சுமந்துக்கிட்டு போற?"

சேர், இது மாடில்ல. மாடு விழுங்கினத திரும்ப எடுத்து அசை போடும். குதிரைக்கு இரைப்பை ஒன்னு, அதுவும் சின்னது. நாள் பூரா கொஞ்சங் கொஞ்சமா மென்னுக்கிட்டே இருக்கணும். பழகாத தீனிய திடீர்னு போட்டா வயித்து வலியில உருளும், வாந்தி எடுத்துத் தப்பிக்கவும் ஏலாது. செத்தா யாரு பொறுப்பு?

சட்டமே வேணாம்னு நான் சொல்லல. அமெரிக்காவுல பல அரசாங்கக் காடுகளுக்குள்ள குதிரையோட போனா, களை விதை இல்லாத புல்லுன்னு சான்று கேக்குறான். கேக்கட்டும். வெள்ளைக்காரன் கொண்டாந்த மஞ்சப்பூ முள்ளுச்செடி இன்னைக்கும் ஹோர்ட்டன் சமவெளிய அரிச்சுக்கிட்டு இருக்கு, எங்களுக்குத் தெரியாதா? ஆனா இங்க என்ன விதின்னு ஒரு தாள்ல, தமிழ்ல எழுதி ஒட்டுங்கய்யா! பொலிஸ்ல கேட்டா மிருக வைத்தியர்ங்கிறான், அவர் செயலகம்ங்கிறாரு, செயலகத்துல மறுபடி பொலிஸ்ங்கிறான்.

கடைசியில ஒரு போன் பேசிட்டு "போ"ன்னுட்டாரு. என்ன விதி, ஏன் மறிச்ச, ஒன்னுமில்ல. பதுளைக்குப் போய்ச் சேரக்குள்ள மாப்பிள்ளை வேன்ல ஏறி மண்டபத்துக்குப் போயிட்டான். நனைஞ்ச புல்லு பூஞ்சணம் பிடிக்கும்னு முக்காவாசிய ரோட்டோரம் கொட்டினேன். அத ஒரு மாடு வந்து நிம்மதியா தின்னுச்சு.