பயிற்சி இல்லாமலா பர்மா போனார்கள்?

"நம்ம செட்டியார்கள் எந்தப் பயிற்சியும் இல்லாமல்தானே பர்மா, மலாயாவில் தொழில் நடத்தினார்கள்? காரைக்குடி ஹோட்டலுக்கு வந்த ஒடிசாப் பையன்களோடு பழக வகுப்பு எதற்கு?" என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். முதல் பாதியே தவறு அண்ணே. சிறு வயதில் பெட்டியடிப் பையனாக, அதாவது கடையில் தொழில் பழகும் எடுபிடியாகச் சேர்ந்து, அடுத்தாளாகி (மேலாளின் உதவியாளர்), அப்புறம்தான் கடையை நடத்தும் மேலாள். சிங்கப்பூர் மார்க்கெட் தெருக் கிட்டங்கிகளில், அதாவது தொழிலும் தங்கலும் ஒன்றாக நடந்த கட்டடங்களில், அனுபவசாலிகளோடு ஒரே கூரையின் கீழ் இருந்துதான் அந்த ஊர்ப் பேச்சும் வாடிக்கையாளர் போக்கும் படிந்தன. வகுப்பு என்று பெயர் இல்லை, அவ்வளவுதான்.

ஒரே நாள் வகுப்பு வீண் என்றால் ஒப்புக்கொள்கிறேன். முதல் 2 வாரம், ஷிப்டுக்கு முன் 15 நிமிடம் வையுங்கள். சூப்பர்வைசரும் உட்கார வேண்டும். புதியவருக்கு மட்டும் பாடம் நடத்தினால் பாதிக் கிணறுதான். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் பயத்தில் தலையாட்டுவார்கள். சொன்னதைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். "அந்த ஓரமா வை" என்பது உத்தரவே அல்ல. எந்த அலமாரி, எத்தனை தட்டு, எத்தனை மணிக்குள் என்று சொல்ல வேண்டும்.

நம் தலையசைப்பு வேறு. பக்கவாட்டில் ஆட்டினால் நமக்குச் 'சரி', வெளிநாட்டு விருந்தினர் பலருக்கு அது 'இல்லை'. ரூம் இருக்கிறதா என்று கேட்டால் வாயால் பதில் சொல்ல நம்மவர்களுக்கும்தான் பழக்க வேண்டும்.