ஒரு கணக்கர் சேர்த்து வைத்த 792 வாக்குமூலங்கள்

நான் கணக்கு எழுதிப் பிழைப்பவன். அதனாலோ என்னவோ, சர்வாதிகாரிகளைக் கூண்டில் ஏற்றுவது பற்றிப் பேச்சு வந்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஆப்பிரிக்காவில் இருக்கும் சாட் நாட்டுக் கணக்கர் சுலைமான் கெங்கெங்தான்.

அந்த நாட்டின் சர்வாதிகாரி ஹிசேன் ஹப்ரே ஆட்சியில், 1988இல் அவரைப் பிடித்து உள்ளே போட்டார்கள். சுமார் இரண்டரை வருடம். தலைநகர் என்ஜமேனாவில் பிரெஞ்சுக்காரர் காலத்து நீச்சல் குளம் ஒன்றைக் கான்கிரீட்டால் மூடி, உள்ளே அறை அறையாகத் தடுத்துச் சிறையாக்கியிருந்த ஆட்சி அது. கூட அடைபட்டவர்கள் ஒவ்வொருவராகச் சாவதைப் பார்த்தவர், பிழைத்து வெளியே போனால் இதற்குக் கணக்குக் கேட்காமல் விடுவதில்லை என்று கடவுளிடம் நேர்ந்துகொண்டார்.

1990 டிசம்பரில் ஹப்ரே கஜானாவைத் துடைத்துக்கொண்டு செனகலுக்கு ஓடினார். கெங்கெங் வெளியே வந்து, தப்பிப் பிழைத்தவர்களைத் தேடிப் போய் வாக்குமூலம் சேர்க்க ஆரம்பித்தார். 792 பேர்! பழைய ஆட்சியின் ஆட்கள் பலர் புது ஆட்சியிலும் பதவியில் இருந்தார்கள். மிரட்டல் வந்ததும் தாள்களை வீட்டில் ஒளித்து வைத்தார், வருடக்கணக்காக.

2000இல் பாதிக்கப்பட்டவர்கள் செனகல் தலைநகர் டாக்கரில் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மறு வருடம் என்ஜமேனாவில், ஹப்ரே ஆட்சியின் கைவிடப்பட்ட உளவுத்துறைக் கட்டடத்தில், தரையெல்லாம் குப்பையாகக் கிடந்தன அந்தத் துறையின் சொந்த ஆவணங்கள். அவற்றில் காவலில் செத்தவர்கள் மட்டும் 1,208 பேர். கொன்றவர்களும் ஒழுங்காகப் பேரேடு எழுதியிருக்கிறார்கள் பாருங்கள். அதே வருடம் அவர்களுடைய வழக்கறிஞர் ஜாக்லின் முதேய்னா மீது கையெறி குண்டு வீசினார்கள். காலில் பட்ட காயத்தோடு அவர் தொடர்ந்து வாதாடினார்.

செனகல் அரசு விசாரிக்காமல் இழுத்தடித்தது. பாதிக்கப்பட்டவர்கள் பெல்ஜியத்திலும் வழக்குப் போட்டார்கள். கடைசியில் 2012இல் சர்வதேச நீதிமன்றம், விசாரி அல்லது ஒப்படை என்று செனகலிடம் கறாராகச் சொன்னது. 2016 மே 30, டாக்கரில் ஆயுள் தண்டனை. விசாரணையின் பெரும்பகுதி வெள்ளைத் தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியுமாக வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தார் ஹப்ரே.

“முடிஞ்சதை எதுக்குக் கிளறணும்?” என்று நம்மூரிலும் கேட்பார்கள். யாருக்கு முடிந்தது? கேட்கிறவர்கள் வீட்டில் யாரும் காணாமல் போயிருக்க மாட்டார்கள் என்பது என் அனுமானம். பெரிய நாடுகள் மனமிரங்கி நீதி தரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. ஹப்ரேயைத் தாங்கிப் பிடித்ததே அமெரிக்காவும் பிரான்சும்தான். இந்த வழக்கு நின்றது அந்தத் தாள்களால். சரி, தாள் மட்டும் போதுமா என்றால் போதாது, மனிதர்களும் 25 வருடம் சலிக்காமல் அலைந்தார்கள்.

அப்புறம் இழப்பீடு. 2017இல் மேல்முறையீட்டில் 7,396 பேருக்குச் சுமார் 8,200 கோடி சி.எஃப்.ஏ. பிராங்க் (அந்தப் பக்கத்து ஆப்பிரிக்க நாடுகளின் நாணயம்) என்று உத்தரவானது. ஹப்ரே 2021இல் செத்துப்போனார். 2024இல் சாட் அரசு தன் பங்குக்குக் கொஞ்சம் கொடுத்தது. அதற்குள் வரிசையில் நின்றவர்களில் பலர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் தொழிலில் இதை வரவேண்டிய பாக்கி என்று எழுதி, அடுத்த வருடத்துக்கு எடுத்துப்போவோம்.