மினிட்ஸில் இல்லாத என் கேள்வி

சுயேச்சை இயக்குநர்களைக் கேலி செய்யும் அந்த மேடைப் பேச்சு வீடியோவை இதுவரை 11 பேர் எனக்கு அனுப்பிவிட்டார்கள். இனி யாரும் அனுப்ப வேண்டாம். சனிக்கிழமை அந்த அரங்கில் இரண்டாவது வரிசையில் நான் உட்கார்ந்திருந்தேன். "சுயேச்சை இயக்குநர் என்றால் யார் தெரியுமா? முந்திரிப் பருப்பைத் தின்றுவிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர்" என்று மேடையில் பேசிய பெரியவர் சொன்னபோது எழுந்த கைதட்டலை நேரிலேயே கேட்டேன். நானும் ஒரு சுயேச்சை இயக்குநர்தான்: நிறுவனத்தை நடத்துபவர்களோடு உறவோ பண உறவோ இல்லாமல், கேள்வி கேட்பதற்காக இயக்குநர் குழுவில் உட்காருகிறவள்.

பேசியவர் மீது கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். ஆனால் அதைவிட வலித்தது அந்தக் கைதட்டல்தான். தட்டியவர்களில் பெரும்பாலோர் கம்பெனி செக்ரட்டரி தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள். நாளை இயக்குநர் குழுக் கூட்டங்களின் குறிப்புகளை, அதாவது மினிட்ஸை, எழுதப்போகிறவர்கள் அவர்கள். அங்கே கேள்வி கேட்கிற ஒருவரை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன்பே அவரை முந்திரித் தட்டோடு சேர்த்துப் பார்க்கப் பழக்கிவிட்டார் அந்தப் பெரியவர்.

இந்தப் பதிவில் ஒன்றைத்தான் சொல்லப்போகிறேன். கேள்வி கேட்க வேண்டியவரை, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவரே கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைக்கிறார். பிடிக்காவிட்டால் அவரே எழுப்பியும் விடலாம். இதை மாற்றாமல் எங்களைக் கேலி செய்வதில் என்ன பயன்?

33 ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தேன். அதில் பெரும்பகுதி கடன் பிரிவில். ஐந்நூறு ரூபாய்க் கணக்கு இடித்தாலும் தூக்கம் வராத வேலை அது. ஓய்வுபெற்ற பிறகு, அரசு நடத்தும் சுயேச்சை இயக்குநர் பதிவேட்டில் பெயர் கொடுத்து, இணையவழித் தேர்வும் எழுதினேன். அப்போது 60 சதவீதம் எடுக்க வேண்டும். பிறகுதான் 50 ஆகக் குறைத்தார்கள். 2021-இல் எங்கள் பக்கத்து வார்ப்படத் தொழில் நிறுவனம் ஒன்று என்னை அழைத்தது. பங்குச்சந்தையில் இருக்கும் நிறுவனம், குடும்பம் நடத்துவது. பெயரைச் சொல்லப்போவதில்லை. தெரிந்தவர்களும் பின்னூட்டத்தில் எழுத வேண்டாம்.

என்னை அழைத்தது யார்? சேர்மன். பதிவேட்டில் தேடி என்னைக் கண்டுபிடித்தார் என்றா நினைக்கிறீர்கள்? வங்கியில் இருந்தபோது அவருடைய கடன் கோப்பைப் பார்த்த அதிகாரி நான். "மேடம் கறாரானவர், எங்களுக்கு அப்படி ஒருவர்தான் வேண்டும்" என்று வீட்டுக்கு வந்து சொன்னார். நம்பினேன். அவர் அப்போது உண்மையாகத்தான் சொன்னார் என்று இன்றும் நினைக்கிறேன்.

இனி கணக்கைப் பாருங்கள். பட்டியலிடப்பட்ட நிறுவனத்தில் சுயேச்சை இயக்குநரை நியமிக்கவும் நீக்கவும் சிறப்புத் தீர்மானம் வேண்டும் என்று 2022 ஜனவரி முதல் பங்குச்சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி விதி செய்திருக்கிறது. அதாவது பதிவாகும் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் புரமோட்டர் குடும்பம், அதாவது நிறுவனத்தைக் கையில் வைத்திருக்கும் குடும்பம், 75 சதவீதம் வரை பங்கு வைத்துக்கொள்ளலாமே? எங்கள் நிறுவனத்தில் அது 68. ஊரெல்லாம் சிதறிக் கிடக்கிற சிறு பங்குதாரர்களில் எத்தனை பேர் வாக்களிக்கிறார்கள்? வாக்களிப்பவர்களை மட்டும் எண்ணினால் குடும்பத்தின் 68 எளிதாக 80-ஐத் தாண்டிவிடும். 2021 மார்ச்சில் செபி வேறொரு யோசனையை முன்வைத்தது. நியமனத்துக்கும் நீக்கத்துக்கும் எல்லாப் பங்குதாரர்களின் ஒப்புதல் ஒருபுறம், புரமோட்டர் அல்லாத சிறுபான்மைப் பங்குதாரர்களில் பெரும்பான்மையோரின் ஒப்புதல் தனியாக இன்னொருபுறம். அதைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ஜூன் மாதம் கைவிட்டுவிட்டார்கள். மேடையில் முந்திரியைப் பற்றிப் பேசியவர் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியிருக்கலாம்.

"புரமோட்டர் நினைத்தால் நீக்கிவிட முடியுமா என்ன?" என்று கேட்பீர்கள். 2016 டிசம்பர் நினைவிருக்கிறதா? தலைவர் பதவியிலிருந்து சைரஸ் மிஸ்திரி நீக்கப்பட்ட விவகாரத்தில், டாடா குழுமத்தின் தாய் நிறுவனமான டாடா சன்ஸ் கோரிக்கை வைத்துக் கூட்டிய பொதுக்கூட்டங்களில், டாடா ஸ்டீல், டாடா மோட்டார்ஸ், டாடா கெமிக்கல்ஸ் மூன்றிலிருந்தும், மிஸ்திரி பக்கம் நின்ற நுஸ்லி வாடியா சுயேச்சை இயக்குநர் பதவியிலிருந்து நீக்கப்பட்டார். அந்தச் சண்டையில் யார் பக்கம் நியாயம் என்பதற்குள் நான் போகவில்லை. அவ்வளவு பெரிய தொழிலதிபரையே சில வாரங்களில் வாக்கெடுப்பால் அனுப்ப முடியும் என்றால், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி எம்மாத்திரம் என்று மட்டும் கேட்கிறேன்.

அந்தக் கூட்டத்தைப் பற்றி இதுவரை எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன்.

நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டு. இயக்குநர்களில் சிலர் மட்டும் சேர்ந்து கணக்குகளைப் பார்க்கும் தணிக்கைக் குழுவில் ஒரு நிலம் வாங்கும் விஷயம் வந்தது. விற்பவர் சேர்மனுடைய தங்கை கணவரின் நிறுவனம். 14 கோடி ரூபாய் முன்பணம். இத்தகைய பரிவர்த்தனைக்குத் தணிக்கைக் குழுவில் உள்ள சுயேச்சை இயக்குநர்கள் மட்டுமே ஒப்புதல் தர முடியும் என்பது விதி. ஆக, நாங்கள் மூன்று பேர். ஒருவர் சேர்மனின் கல்லூரித் தோழர். சட்டத்தின் கண்ணில் அவர் முழுச் சுயேச்சையானவர். ஏனென்றால் சட்டம் உறவைப் பார்க்கிறது, பண உறவைப் பார்க்கிறது. நாற்பது ஆண்டு நட்பைப் பார்ப்பதில்லை. இன்னொருவர் ஊரில் மதிப்புள்ள மருத்துவர். கணக்குத் தெரியாது என்று அவரே சொல்வார்.

"நிலத்தின் மதிப்பீட்டு அறிக்கை எங்கே?" என்று கேட்டேன். வந்துகொண்டிருக்கிறது என்றார்கள். "வந்த பிறகு ஒப்புதல் தரலாமே" என்றேன். யாரும் பேசவில்லை. அழைப்பின் பேரில் உட்கார்ந்திருந்த சேர்மன் மெதுவாகச் சொன்னார்: "மேடம், இது எங்கள் குடும்பத்துக்குள் இருக்கிற விஷயம். பணம் எங்கே போய்விடும்?" குரலை உயர்த்தவில்லை. திட்டவில்லை. மரியாதையாகத்தான் சொன்னார். மற்ற இருவரும் தலையசைத்தார்கள். நான் எதிர்த்து வாக்களிக்கவில்லை. கேள்வி கேட்டதோடு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து வரைவு மினிட்ஸ் வந்தது. "விரிவான விவாதத்துக்குப் பின் குழு ஒப்புதல் அளித்தது." ஒரே வரி. என் கேள்வி அதில் இல்லை. திருத்தம் சொல்ல 7 நாள் அவகாசம் உண்டு. நான்கு வரி எழுதி அனுப்பினேன். அன்றிரவு ஒன்பதரை மணிக்குக் கம்பெனி செக்ரட்டரி அழைத்தார். முப்பது வயது இருக்கும். குழந்தை பிறந்து மூன்று மாதம். "மேடம், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். இதைச் சேர்த்தால் நான் இங்கே வேலை பார்க்க முடியாது" என்றார். பின்னால் குழந்தை அழுதுகொண்டிருந்தது.

திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

அந்தப் பணத்துக்குப் பிறகு ஒழுங்காகக் கணக்கு வந்தது, நிலமும் பதிவானது. எதுவும் ஆகவில்லை. ஆகியிருந்தால்? நிறுவனங்கள் சட்டம் 149-வது பிரிவின் 12-ஆம் உட்பிரிவு என்ன சொல்கிறது? குழு நடவடிக்கைகளின் வழியே தெரிந்து, தன் சம்மதத்தோடு நடந்ததற்கும், தான் அக்கறையோடு செயல்படாமல் விட்டதற்கும் சுயேச்சை இயக்குநர் பொறுப்பு. நான் அக்கறையோடு செயல்பட்டேன் என்பதற்கு என்னிடம் என்ன சாட்சி இருக்கிறது? "விரிவான விவாதத்துக்குப் பின்" என்ற அந்த வரி என்னைக் காப்பாற்றுமா, மாட்டிவிடுமா?

"பிடிக்கவில்லை என்றால் விலக வேண்டியதுதானே, லட்சம் லட்சமாக வாங்கிக்கொண்டு ஏன் இருக்கிறீர்கள்?" என்று நேற்று ஒருவர் எழுதியிருந்தார். லட்சம் என்பது ஒரு கூட்டத்துக்குச் சட்டம் அனுமதிக்கும் உச்சவரம்பு. நான் வாங்குவது 30,000. ஆண்டுக்கு ஏழெட்டுக் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் முன்பு முந்நூறு, நானூறு பக்கம் படிக்க வேண்டும். இந்தப் பணத்துக்காக இருக்கிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். விலகுவதைப் பற்றியும் சொல்கிறேன். விலகினால் என் கடிதத்தை நிறுவனம் 7 நாளுக்குள் பங்குச்சந்தைக்கு அனுப்ப வேண்டும், அதில் நான் காரணத்தை விரிவாகச் சொல்ல வேண்டும், வேறு முக்கியக் காரணம் இல்லை என்றும் உறுதி கூற வேண்டும். உண்மையை எழுதினால் மறுநாள் பங்கு விலை விழும். ஆயிரக்கணக்கான சிறு முதலீட்டாளர்களும் 600 தொழிலாளர்களும் இருக்கிற நிறுவனம் அது. "சொந்தக் காரணங்கள்" என்று எழுதினால் நான் பொய் சொன்னவள். விலகுவது வீரம் என்று தொலைவிலிருந்து சொல்வது எளிது. நான் விலகினால் அந்த நாற்காலி காலியாகவா இருக்கும்? இன்னொரு கல்லூரித் தோழர் வருவார்.

பெண் ஒதுக்கீட்டில் வந்தவர் என்றும் ஒரு பின்னூட்டம். போர்டில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சட்டம் வந்தபோது பல குடும்பங்கள் மனைவியையும் மருமகளையும் உட்கார வைத்துக் கணக்கை முடித்தன. அந்த நாற்காலியில் கேள்வி கேட்கிற ஒருத்தி உட்கார்ந்தால் அதுவும் பொறுக்கவில்லை. இதற்கு மேல் அவருக்குப் பதில் இல்லை.

சத்யம் கம்ப்யூட்டர்ஸ் மோசடியைச் சுயேச்சை இயக்குநர்கள் ஏன் தடுக்கவில்லை என்று இழுப்பவர்களுக்கு மட்டும் என்னால் முழுப் பதில் சொல்ல முடியவில்லை. 2008 டிசம்பர் 16 அன்று, சத்யத்தை நடத்திய ராமலிங்க ராஜு குடும்பத்தின் மேட்டாஸ் நிறுவனங்கள் இரண்டை 160 கோடி டாலருக்கு வாங்க சத்யம் போர்டு ஒப்புதல் தந்தது. அந்த போர்டில் ஹார்வர்டு பேராசிரியர் இருந்தார், வணிகக் கல்லூரித் தலைவர் இருந்தார், முன்னாள் அமைச்சரவைச் செயலர் இருந்தார். முதலீட்டாளர்கள் கொதித்தெழுந்த பிறகுதான் அது கைவிடப்பட்டது. மூன்று வாரத்தில், 2009 ஜனவரி 7 அன்று, கணக்கில் காட்டிய ரொக்கத்தில் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை என்று ராமலிங்க ராஜுவே எழுதிக் கொடுத்தார். அத்தனை பெரிய படிப்பாளிகளுக்குத் தெரியவில்லை. தெரியாது என்று நானும் நம்புகிறேன். வங்கி இருப்புச் சான்றிதழையே போலியாகக் காட்டினால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிறவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் மேட்டாஸ்? அது மறைத்த விஷயம் இல்லையே. அஜெண்டாவில் இருந்ததே. மகன்களின் நிறுவனங்களை அப்பாவின் நிறுவனம் வாங்குகிறது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியுமே. அங்கேதான் என் வாதம் எனக்கே இடிக்கிறது. என் 14 கோடியும் அஜெண்டாவில்தான் இருந்தது.

இனி வரப்போவதை நினைத்தால் இன்னும் பயமாக இருக்கிறது. போன ஆண்டு எங்கள் கணக்குப் பிரிவுக்கு, வழக்கமான சப்ளையர் அனுப்பியதுபோல ஒரு போலி மின்னஞ்சல் வந்து 38 லட்சம் ரூபாய் வேறு கணக்குக்குப் போய்விட்டது. போர்டுக்குத் தெரிந்தது ஏழு வாரம் கழித்து, அடுத்த கூட்டத்தில். இணையத் தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்று 2022-லேயே இணையப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டிருக்கிறது. தனிநபர் தரவைக் காக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்கிறது 2023-ஆம் ஆண்டுச் சட்டம். ஐரோப்பாவுக்குப் போகும் இரும்பு, எஃகுப் பொருள்களுக்கு 2026 ஜனவரியிலிருந்து, தயாரிப்பில் வெளியான கரியமில வாயுவுக்கு ஏற்ற கார்பன் எல்லை வரி வேறு. வாடிக்கையாளருக்கு எவ்வளவு கடன் தரலாம் என்பதை இனி செயற்கை நுண்ணறிவு மென்பொருள் முடிவு செய்யும் என்று ஒரு பக்கக் குறிப்பு வந்தது. அது தவறினால் யார் பொறுப்பு என்றேன். விற்ற கம்பெனி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். இவை நான்கும் சேர்ந்து கடந்த கூட்டத்தில் எடுத்துக்கொண்ட நேரம் 12 நிமிடம். புதுத் திருமண மண்டபத் திட்டத்துக்கு 50 நிமிடம். வார்ப்படத் தொழில் நிறுவனத்துக்குத் திருமண மண்டபம் எதற்கு என்று கேட்டேன். அதுவும் மினிட்ஸில் இல்லை.

என் அப்பா பள்ளி ஆசிரியர். 1990-களில் ஊரெங்கும் நிதி நிறுவனங்கள் முளைத்த காலம். ஒன்றின் விளம்பரத்தாளில் இயக்குநர்கள் பட்டியல் அச்சாகியிருந்தது. அதில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவரின் பெயர். "ஜட்ஜ் ஐயா இருக்கிறார், தப்பு நடக்காது" என்று தன் வருங்கால வைப்பு நிதியிலிருந்து வந்த 1,80,000 ரூபாயைப் போட்டார். பதினெட்டு மாதத்தில் கதவு பூட்டியிருந்தது. அப்பா அந்தத் தாளைக் கடைசிவரை வைத்திருந்தார். அந்த நீதிபதியை அவர் ஒருநாளும் திட்டியதில்லை. "அவரையும் ஏமாற்றியிருப்பார்கள்" என்றுதான் சொல்வார். அந்த நீதிபதியும் எங்கோ ஒரு கூட்டத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். யாரும் அதை எழுதி வைக்காமல் போயிருக்கலாம். அப்பாவுக்கு அது தெரிய வழியே இல்லை.

இன்று எங்கள் ஆண்டறிக்கையிலும் என் புகைப்படம் இருக்கிறது. வங்கியில் என் கையால் பாஸ்புக் வாங்கிய எத்தனை பேர் அதைப் பார்த்துப் பங்கு வாங்கியிருப்பார்களோ தெரியாது. இரண்டு பேர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். "நீங்கள் இருக்கிறீர்கள் என்றுதான் வாங்கினோம், மேடம்."

கைதட்டிய பிள்ளைகளே, உங்களை நான் குறை சொல்லவில்லை. அன்றிரவு என்னை அழைத்தவரும் உங்களைப் போன்றவர்தான். அவரும் அங்கே இப்போது இல்லை. வேறு ஊருக்குப் போய்விட்டார். கேட்பவரையும் எழுதுபவரையும் ஒரே ஆள் நியமிக்கிற வரை, நீங்களும் நானும் ஒரே பக்கம்தான். அந்த மேடையில் இருந்தவர் இதை உங்களுக்குச் சொல்லவில்லை.

வரும் செப்டம்பரில் என் முதல் 5 ஆண்டுகள் முடிகின்றன. மறுநியமனத்துக்கு என் பெயர் வருமா என்று இதைப் படித்த பிறகு கேட்கத் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை தணிக்கைக் குழு. நேற்றிரவு 412 பக்கம் வந்தது. பாதிக்கு மேல் படித்துவிட்டேன். இம்முறை கேள்விகளை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன், குழுவில் உள்ள எல்லோருக்கும் நகலோடு. 9 கேள்விகள். இன்று மதியம் பதில் வந்தது: "பெறப்பட்டது."