ஆமாம், காபிதான் குடித்துக்கொண்டிருந்தேன்

அந்த 17 விநாடி வீடியோவைப் பற்றி இனி ஒரு வார்த்தை எழுதுவதில்லை என்றுதான் இருந்தேன். நாலு நாள் தாக்குப்பிடித்தேன். நேற்று ராத்திரி அமெரிக்காவில், நியூஜெர்சியின் எடிசனில் இருக்கும் ஒரு நல்ல உள்ளம், "உனக்குத் தெரியணுமேன்னு அனுப்புறேன், மனசுல வச்சுக்காத" என்று 11 ஸ்க்ரீன்ஷாட்களை அனுப்பிவைத்தது. தெரிந்துகொண்டேன். மனசிலும் வைத்துக்கொண்டேன்.

வீடியோவைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் வேண்டாம். பார்க்காமலே கமென்ட் போட்டவர்களுக்காகச் சொல்கிறேன். என் 7 வயசுப் பையன் இங்கே ஜெர்மனியில் பள்ளிக்கூடத்துக்குத் தனியாக நடந்து போகிறான். முதுகைவிடப் பெரிய டைனோசர் பை. தெருமுனையில் மஞ்சள் தபால்பெட்டி ஒன்று இருக்கிறது. தினமும் அதைக் கையால் ஒரு தட்டு தட்டிவிட்டுத்தான் திரும்புவான். திரும்பி, பால்கனியைப் பார்த்துக் கையாட்டுவான். அப்புறம் வளைவில் மறைந்துவிடுவான். இவ்வளவுதான் வீடியோ. ஓரத்தில் என் காபி டம்ளர் தெரிகிறது. அதுதான் பெரிய குற்றம் போலிருக்கிறது.

அதை எடுத்து நியூஜெர்சி அம்மாக்கள் குழுவில் போட்டு, மேலே "இதுக்குப் பேரு வளர்ப்பா?" என்று தலைப்பும் வைத்தாயிற்று. கீழே திருவிழாக் கூட்டம். "ஜெர்மனி போனதும் அம்மாவுக்குக் காபி டைம் கெடச்சிருச்சு" என்கிறது ஒன்று. "அமெரிக்கன் சிட்டிசன் வாங்கியும் புத்தி வரலையே" என்கிறது இன்னொன்று. சிட்டிசன்ஷிப் பரீட்சையில் அந்தக் கேள்வி வரவில்லை, மன்னிக்கணும்.

"இங்கன்னா இந்நேரம் போலீஸ் வந்திருக்கும்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். அவரோடு எனக்குச் சண்டையே இல்லை. வந்திருக்கும்தான். 2024 அக்டோபரில் ஜார்ஜியா மாநிலத்தில் பத்து வயதுப் பையன் தனியாக ஊருக்குள் நடந்து போனான் என்று அம்மாவின் கையில் விலங்கு மாட்டிக் கூட்டிப் போனார்கள். 2015இல் மேரிலாந்தில் பூங்காவிலிருந்து நடந்து வந்த அண்ணன் தங்கை இரண்டு பேரையும் போலீஸ் காரில் ஏற்றியது. பிள்ளை நடந்து பள்ளிக்குப் போனால் அது பெற்றோரின் அலட்சியம் ஆகாது என்று யூட்டா மாநிலம் 2018இல் சட்டமே போட்டது. நடப்பதற்குச் சட்டம்! நான் சொல்வதும் அதைத்தானே ஐயா? தெரு வேறு. அம்மா அதே அம்மாதான்.

எடிசனில் இருந்தபோது நானே என் மகளை ஒரு நாள்கூட நடக்க விட்டதில்லை. வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் ஒரு மைல். அதில் பாதித் தூரத்துக்கு நடைபாதையே கிடையாது. புல்வெளி முடியும் இடத்தில் நேராகத் தார் ரோடு. பள்ளி வாசலுக்குப் போகும் கார் வரிசையில் இருபது நிமிஷம் நிற்பேன். கண்ணாடியில் பெயர் எழுதிய அட்டை, பின்சீட்டில் மகள், கையில் அதே காபி. அப்போதும் காபிதான் குடித்தேன். அன்றைக்கு யாரும் படம் பிடிக்கவில்லை.

இங்கே ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடம் 850 மீட்டர். ஒரு சிக்னல், ஒரு ஜீப்ரா கிராசிங். பள்ளி சேர்ந்த வாரமே எந்தப் பக்கம் நடக்கணும், எங்கே தாண்டணும் என்று கோடு போட்ட வரைபடம் ஒன்றைக் கையில் கொடுத்தார்கள். போலீஸ்காரர் வகுப்புக்கே வந்து பிள்ளைகளை ரோட்டோரம் நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார். நாலாம் வகுப்பில் அவர்களே சைக்கிள் பரீட்சையும் வைப்பார்கள். நான் பழைய பழக்கத்தில் முதல் மாதம் காரில் கொண்டுபோய் வாசலில் இறக்கினேன். பள்ளியிலிருந்து கடிதம் வந்தது. எனக்கு மட்டுமில்லை, எல்லாருக்கும்தான்; ஆனால் எனக்கென்றே எழுதியது மாதிரி இருந்தது. 'எல்டர்ன்டாக்ஸி' வேண்டாம், வாசலில் கார்கள் முண்டுவதுதான் மற்ற பிள்ளைகளுக்கு ஆபத்து, நடக்க விடுங்கள் என்று. பெற்றோர் டாக்ஸி! அந்த வார்த்தையைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு கொஞ்சம் அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

தனியாக விட்ட முதல் நாள் என்ன செய்தேன் தெரியுமா? பின்னாலேயே போனேன். பழைய பேப்பர் போடும் நீலத் தொட்டிக்குப் பின்னால், ஒரு வேனுக்குப் பின்னால், ஒரு வேலிக்குப் பின்னால். 39 வயசுப் பொம்பளை, ஆபீஸ் கோட்டைப் போட்டுக்கொண்டு. சிக்னலில் அவன் பச்சைக்காகக் காத்து நின்று ஒழுங்காகத் தாண்டினான். நான் தாண்டுவதற்குள் சிவப்பு விழுந்துவிட்டது. கண்ணை விட்டு மறைந்துவிடுவானே என்று ஓடித் தாண்டினேன். எதிரே வந்த பாட்டி பிடித்துக்கொண்டார். இந்த ஊரில் பிள்ளைகள் பார்க்கச் சிவப்பில் தாண்டுவது மகாபாவம். "பையன் நன்றாகத்தான் போகிறான். நீங்கள்தான் சரியில்லை" என்றார். ஜெர்மன் மொழியில் எனக்கு முழுசாகப் புரிந்த முதல் வசவு அதுதான்.

அந்தப் பாட்டி எங்கள் கட்டடத்தில்தான் இரண்டாவது மாடி. இந்தப் பக்கத்தில் 'கேர்வொஹ' என்று ஒரு முறை உண்டு. வாரம் ஒரு வீடு முறைவைத்துப் படிக்கட்டையும் வாசலையும் கூட்ட வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். நான் கைப்பிடியைத் துடைக்காமல் விட்டால் சாயந்திரத்துக்குள் பாட்டிக்குத் தெரிந்துவிடும். ஆரம்பத்தில் எரிச்சலாக வரும். இப்போது யோசித்தால், கைப்பிடியைத் துடைத்தேனா என்று பார்க்கிற அதே கண்தான் என் பையன் ரோட்டைத் தாண்டினானா என்றும் பார்க்கிறது. பேக்கரிக்காரம்மாவுக்கு அவன் பெயர் தெரியும். மூன்றாவது கட்டடத்துப் பையன் பாதி வழியில் சேர்ந்துகொள்வான். தனியாகப் போகிறான் என்று நானே சொல்கிறேனே தவிர, அவன் எங்கே தனியாகப் போகிறான்?

கோவில்பட்டியில் நாங்களும் இப்படித்தானே போனோம். ரயில்வே கேட்டைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி. கேட்டில் குனிந்து நுழைந்தால், வீட்டுக்கு வருவதற்கு முன்பே டீக்கடை அண்ணாச்சி சொல்லி அம்மாவுக்குச் சேதி வந்திருக்கும். அதே அம்மா இப்போது போனில், "ஏட்டி, பச்சப்புள்ளயத் தனியா விட்டுட்டியாமே, பெரியம்மா மக சொன்னா" என்கிறாள். பெரியம்மா மகளுக்கு யார் சொன்னது? ஸ்க்ரீன்ஷாட்டுக்கு விசா தேவையில்லை.

சரி, ஆட்சேபணைகளுக்கு வருகிறேன். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லும் பொறுமை இல்லை.

"ஜெர்மனியில் மட்டும் துப்பாக்கிச் சூடு நடக்கலையா?" நடந்தது. 2009 மார்ச்சில் வின்னென்டனில் 15 பேரைச் சுட்டுக் கொன்றான் ஒருவன். எங்கள் ஊரிலிருந்து அது ரொம்பத் தூரமில்லை. இங்கே இன்றைக்கும் அந்தப் பெயரைச் சொன்னால் குரல் தணியும். ஆனால் 2020 முதல் அமெரிக்காவில் பிள்ளைகளும் பதின்வயதினரும் சாவதற்கு முதல் காரணமே துப்பாக்கிதான். கார் விபத்துகூட அதற்குப் பின்னால்தான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க வேண்டாம்.

இதை நான் பேப்பரில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் மகள் எடிசனில் கிண்டர்கார்டன் படிக்கும்போது, துப்பாக்கியோடு எவனாவது வந்தால் ஒளிந்துகொள்ள மாதம் ஒரு பயிற்சி. விளக்கை அணைத்துவிட்டு, மூலையில் ஒட்டி உட்கார்ந்து, மூச்சுச் சத்தம் கேட்காமல் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்து, "அம்மா, நான்தான் ரொம்ப அமைதியா இருந்தேன், மிஸ் ஸ்டிக்கர் குடுத்தாங்க" என்று காட்டினாள். ஐந்து வயது. ஸ்டிக்கரில் ஒரு முயல். இங்கே வந்து பள்ளியில் சேர்த்த முதல் நாள், வகுப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் தமிழில் கேட்டாள்: "இங்க எங்க ஒளிஞ்சுக்கணும்?" ஆசிரியை, என்ன கேட்கிறாள் என்று என்னைப் பார்த்தார். கழிப்பறை எங்கே என்று கேட்கிறாள் என மாற்றிச் சொல்லிவிட்டேன். வேறென்ன சொல்ல?

அந்தக் குழுவில் யாராவது அந்த முயல் ஸ்டிக்கருக்கு "இதுக்குப் பேரு வளர்ப்பா?" என்று தலைப்பு வைத்தீர்களா?

"அது வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குச் சரி, நம்ம பிள்ளை நிறம் வேற, அங்க எவன் எப்படியோ" என்று ஒரு அண்ணன் எழுதியிருந்தார். இதற்கு மட்டும் என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது. நினைக்காமல் இல்லை. தினமும் நினைக்கிறேன். ரயிலில் ஒரு முறை நடந்ததை இங்கே எழுத மாட்டேன். ஆனால் அதற்காக அவனை வீட்டுக்குள் பூட்டி வைத்தால் அந்தத் தெரு என்றைக்கு அவனுடையது ஆகும்? அடுத்த கேள்வி.

அடுத்த கேள்வி காபி. எனக்கு இங்கே எவ்வளவு சும்மா நேரம் கிடைக்கிறது என்று கேட்டீர்கள். தொடக்கப் பள்ளி மத்தியானத்தோடு முடிந்துவிடும். அதற்குமேல் பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு வரிசையில் நின்று, பெயர் கொடுத்து, கெஞ்சி வாங்கியிருக்கிறேன். முழுநேர வேலைக்குப் போகிறேன் என்றால் இங்கே உள்ள அம்மாக்களே ஒரு பார்வை பார்ப்பார்கள். அதற்கென்றே இவர்கள் மொழியில் ஒரு சொல் இருக்கிறது: 'ராபன்முட்டர்'. அண்டங்காக்கைத் தாய். குஞ்சைக் கவனிக்காதவள் என்று பொருளாம். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று சொல்லும் ஊரிலிருந்து வந்தவளிடம் போய் இந்தச் சொல்லைச் சொல்கிறார்கள். ஆக எடிசன்காரர்களுக்கு நான் பிள்ளையைத் தெருவில் விட்டவள். இங்குள்ளவர்களுக்கு வேலைக்காகப் பிள்ளையை விட்டவள். அதே வாயால், பூங்காவில் அவன் மரம் ஏறினால் கீழே கையை ஏந்தி நிற்கும் "அமெரிக்கக்காரி"யும் நான்தான். அம்மாவுக்கு நான் "ஏட்டி". மூன்று பக்கமும் மார்க் போடுகிறீர்களே, கூட்டினால் பாஸாவது ஆகுமா?

அமெரிக்கக்காரியாம். அந்த நீலப் பாஸ்போர்ட்டால் நான் அனுபவிக்கும் சுகத்தையும் கேளுங்கள். உலகத்தில் எங்கே குடியிருந்தாலும் குடிமக்கள் வரிக்கணக்குக் காட்ட வேண்டும் என்று சொல்லும் நாடுகள் அமெரிக்காவும் எரித்ரியாவும்தான். அமெரிக்கர்களின் கணக்கு விவரத்தை அமெரிக்காவுக்குச் சொல்லச் சொல்லி 2010இல் வந்த சட்டம் ஒன்றுக்குப் பயந்து இங்கே பல வங்கிகளுக்கு அமெரிக்கக் குடிமக்கள் என்றாலே அலர்ஜி. என் பையனுக்கு உண்டியல் காசைப் போட ஒரு சேமிப்புக் கணக்குத் திறக்கப் போனேன். 7 வயசுக்காரனுக்கு அமெரிக்க வரி எண் கேட்டு ஒரு படிவம். அவன் கணக்கில் போட வந்தது 43 யூரோ, அதில் பாதி சில்லறை. அமெரிக்காவில் டர்க்கி, அதாவது வான்கோழி, சமைக்கும் நன்றிநவிலல் நாளில் இங்கே பள்ளி உண்டு, ஆபீஸ் உண்டு. அன்று ராத்திரி கோழிக்காலைப் பொரித்து, இதுதான் டர்க்கி என்று பிள்ளைகளை நம்ப வைக்கிறேன். இதெல்லாம் எதற்குச் சொல்ல வந்தேன்? ஆம், புத்தி வரவில்லை என்றீர்களே, அதற்கு.

பிள்ளைகள் இரண்டு பேரும் இப்போது ஜெர்மனில் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். யார் பக்கம் நியாயம் என்று எனக்குப் புரிவதற்குள் சண்டை முடிந்துவிடுகிறது. வீட்டுக்குள்ளேயே ஒரு அம்மா கொஞ்சம் கொஞ்சமாக வெளியூர்க்காரி ஆவது எப்படி இருக்கும் என்று அந்த 200 கமென்டில் ஒருவராவது கேட்டிருந்தால், வீடியோவை நானே நீக்கியிருப்பேன்.

வீடியோவைக் குழுவில் போட்டது யார் என்று எனக்குத் தெரியும். ஸ்க்ரீன்ஷாட்டில் பெயர் மறைத்திருந்தார்கள், அந்த டி.பி.யில் இருக்கும் பட்டுச் சேலை நான் திநகரில் எடுத்துக் கொடுத்தது. ஐந்து வருஷம் பக்கத்து அபார்ட்மென்ட். உனக்கு முதல் பிரசவம் ஆனபோது உன் அம்மாவுக்கு விசா கிடைக்கவில்லை. பனியில் வழுக்கி வழுக்கி, தூக்குவாளியில் பூண்டுக் குழம்பு கொண்டுவந்து வைத்தேன். ஆறாவது வாரம் நீ வேலைக்குத் திரும்பவேண்டி வந்தது. டே கேரில் பிள்ளையை விட்டுவிட்டு, பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து நீ அழுதபோது பக்கத்து சீட்டில் இருந்தது நான். அன்றைக்கு நான் "இதுக்குப் பேரு வளர்ப்பா" என்று கேட்டேனா? கேட்கத் தோன்றவே இல்லையே. உன் ஊரில் அதுதான் நடைமுறை, உனக்கு வேறு வழியில்லை என்று தெரிந்தது. இந்த ஊரில் இதுதான் நடைமுறை என்பது மட்டும் உனக்கு ஏன் தெரியாமல் போயிற்று?

இதை எழுதி முடிக்கும்போது மணி ஏழு முப்பத்தைந்து. இப்போதுதான் கிளம்பிப் போனான். இன்றைக்கு மழை, மஞ்சள் கோட்டு. தபால்பெட்டியைத் தட்டினான், கையாட்டினான். நான் வீடியோ எடுக்கவில்லை. காபி ஆறிப்போயிருந்தது, பரவாயில்லை என்று குடித்துவிட்டேன்.

போனைப் பார்த்தால் அவளிடமிருந்து மெசேஜ். எடிசனில் நடுராத்திரி தாண்டியிருக்கும். மன்னிப்பு ஏதோ கேட்கிறாள் என்று நினைத்துத் திறந்தேன். "நாத்தனாருக்குக் குழந்தை பொறந்திருக்கு. அந்தப் பூண்டுக் குழம்புக்கு மிளகு எவ்வளவு போடுவ?"

இன்னும் பதில் போடவில்லை.