எல்லோருக்கும் தெரியும், நமக்கு மட்டும் சொல்ல மாட்டார்கள்

கோப்பு ஒன்றை எம்மேப் செய்து, அதாவது மெமரியின் ஒரு பகுதி போல மாட்டிக்கொண்டு, பாயின்டர் (மெமரி முகவரி) வழியாக எழுதுகிறவர்களுக்கு வாழ்க்கை சுகம். அந்தக் கோப்பில் எது எப்போது மாறியது என்று கண்டுபிடிக்க வேண்டியவர்கள்தான் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். பேக்கப் எடுக்கிறவர்கள், ரெப்ளிகா அனுப்புகிறவர்கள், ஒரு மெஷினிலிருந்து இன்னொன்றுக்கு சிங்க் செய்கிறவர்கள் என்று ஒரு கூட்டமே இருக்கிறது, நானும் அதில்தான் இருக்கிறேன். "மாறிய பகுதியை மட்டும் அனுப்பினால் போதுமே" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள்! மாறிய பகுதி எது என்று எனக்கு யார் சொல்வது?

கேட்டவுடன் வரும் முதல் பதில், "ஐநோட்டிஃபை போடுங்க". கோப்பு மாறினால் தகவல் சொல்லும் லினக்ஸ் வசதி அது. போட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஒன்றும் ஆகாது. எம்மேப், எம்சிங்க், எம்அன்மேப் வழியாக நடக்கும் மாற்றங்களை இது தெரிவிக்காது என்று அதன் மேன் பேஜிலேயே, அதாவது கையேட்டிலேயே, எழுதி வைத்திருக்கிறார்கள். அதன் உடன்பிறப்பான ஃபேனோட்டிஃபையும் அதே கதைதான். ரைட் என்ற சிஸ்டம் கால், அதாவது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையமான கெர்னலிடம் வைக்கும் கோரிக்கை, உள்ளே போனால்தான் இவை விழித்துக்கொள்ளும். மேப் செய்த கோப்பில் எழுதுவதோ வெறும் ஒரு ஸ்டோர் இன்ஸ்ட்ரக்‌ஷன், பெரும்பாலும் கெர்னல் வாசலையே மிதிக்காமல் போய்விடுகிறது. சிஸ்டம் கால்களை வரிவரியாகக் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருந்தாலும் அந்த எழுத்துக்கு ஒரு வரி வராது, உள்ளே ஜிகாபைட் கணக்கில் டேட்டா மாறிக்கொண்டிருக்கும்.

சரி, எம்டைம் (கோப்பு கடைசியாக மாறியதாகப் பதிந்த நேரம்) பார்க்கலாமே என்று அடுத்த அறிவுரை. இதுதான் எனக்கு அதிகம் கோபம் வரும் இடம், ஏனென்றால் இது பாதி நேரம் வேலை செய்யும், மீதி நேரம் சத்தமில்லாமல் பொய் சொல்லும். லினக்ஸில் நடப்பது இது: சுத்தமாக இருக்கும் பேஜில் (மெமரியைப் பிரித்து வைத்திருக்கும் துண்டு) முதல் தடவை எழுதும்போது பேஜ் ஃபால்ட் வந்து கெர்னல் தலையிடுகிறது, எம்டைம் புதிதாகப் பதிகிறது, பேஜ் டர்ட்டி ஆகிறது, அதாவது டிஸ்கில் இன்னும் எழுதாத மாற்றம் அதில் இருக்கிறது. ஐந்து நொடி கழித்து பேக்கப் வந்து கோப்பைப் படித்து எம்டைமையும் குறித்துக்கொண்டு போகிறது. அதற்கும் ஐந்து நொடி கழித்து அதே பேஜில் இன்னொரு எழுத்து. பேஜ் ஏற்கெனவே டர்ட்டி, அதனால் ஃபால்ட் இல்லை, எம்டைம் அசையவில்லை. டர்ட்டி பேஜை டிஸ்கில் எழுதும் ரைட்பேக் வந்து பேஜைச் சுத்தமாக்க, இயல்பான அமைப்பில் 30 நொடி வரைக்கும், சில சமயம் இன்னும் கொஞ்சம் கூடவும் ஆகும். அதுவரை எத்தனை தடவை எழுதினாலும் கணக்கில் வராது. அப்புறம் அந்த புரோகிராம் எழுதுவதை நிறுத்திவிட்டால் கதை முடிந்தது. அடுத்த பேக்கப் வந்து பார்க்கும்: எம்டைம் அதே, அளவும் அதே, "இந்தக் கோப்பு மாறவில்லை" என்று தாண்டிப் போய்விடும். கடைசியாக எழுதிய டேட்டா எந்த பேக்கப்பிலும் இருக்காது. எர்ரர் வராது, லாக் வராது, ரீஸ்டோர் செய்யும் நாளில்தான் தெரியும்.

இதையெல்லாம் தாண்டி வந்தால் "எம்ப்ரொடெக்ட் போட்டு பேஜைப் படிக்க மட்டும் என்று வைத்துவிட்டு சிக்செக்வி சிக்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று ஒருவர் பெரிய ரகசியம் போலச் சொல்வார். கதவைப் பூட்டிவிட்டு யார் வந்து முட்டுகிறார்கள் என்று காத்திருக்கும் வேலை; சிக்செக்விதான் அந்த முட்டும் சத்தம். முட்டினால் திறந்துவிட வேண்டும், திறந்த பிறகு அந்த பேஜில் அடுத்தடுத்து எழுதுவது எதுவும் தெரியாது. மறுபடி பூட்டுவதற்குள் வேறொரு த்ரெட் உள்ளே புகுந்து எழுதிவிடும். ஒவ்வொரு பூட்டுக்கும் மற்ற கோர்களின் டிஎல்பியை (எந்த முகவரி எந்த பேஜ் என்ற குறிப்பேடு) துடைக்கச் சொல்லி இன்டரப்ட் பறக்க வேண்டும். ஒரு பேஜ் பூட்டு, அடுத்தது திறப்பு என்று கலந்து கிடந்தால் மேப்பிங் துண்டு துண்டாகும்; ஒரு ப்ராசஸுக்கு வழக்கமாக விட்டிருக்கும் வரம்பு 65530 மேப்பிங்தான், 4096 பைட் பேஜ் கணக்கில் 256 மெகாபைட் கோப்பு இப்படிச் சிதறினாலே அது தீர்ந்துவிடும். இதில் ஜாவா ரன்டைம் போன்றவை சிக்செக்வியைத் தங்கள் சொந்த வேலைக்கே பயன்படுத்துகின்றன, அவற்றோடு தனியாக மல்லுக்கு நிற்க வேண்டும்.

எல்லாவற்றையும் விடக் கொடுமை, ஏதாவது லைப்ரரி அந்தப் பூட்டிய மெமரியைக் கொடுத்து ரீட் சிஸ்டம் காலைக் கூப்பிட்டால் சிக்னலே வராது. கெர்னல்தானே அங்கே எழுத வருகிறது, அது அமைதியாக ஈஃபால்ட் என்ற எர்ரரைத் திருப்பிக் கொடுத்துவிடும். நேற்று வரை ஒழுங்காக ஓடிய கோட் இன்று "பேட் அட்ரஸ்" என்று விழும், பழி நம் தலையில். இவ்வளவு செய்தும், அதே கோப்பை மேப் செய்திருக்கும் இன்னொரு ப்ராசஸ் எழுதினால் நமக்கு ஒரு முனகல்கூடக் கேட்காது.

எழுதப்பட்ட பேஜைக் குறித்து வைக்கும் சாஃப்ட் டர்ட்டி என்று ஒன்று லினக்ஸின் 3.11 கெர்னலில், 2013-ல் வந்தது. ஓடும் ப்ராசஸை நிறுத்தி வைத்துப் பிறகு தொடரும் வேலைக்காகச் செய்தது. கிளியர்ரெஃப்ஸ் என்ற கெர்னல் கோப்பில் 4 என்று எழுதிக் குறிகளை அழி, பிறகு பேஜ்மேப் என்ற கோப்பில் 55-ஆம் பிட்டைப் பார். பேஜுக்கு ஒரே ஒரு பிட், அதையும் யார் வேண்டுமானாலும் அழிக்கலாம். இரண்டு கருவிகள் ஒரே சமயத்தில் இதை நம்பினால் ஒன்றின் கணக்கை இன்னொன்று துடைத்துவிடும். அப்புறம் யூசர்ஃபால்ட்எஃப்டி, பேஜ் ஃபால்ட்டைப் புரோகிராமிடமே ஒப்படைப்பது: அதில் எழுதுவதைத் தடுத்துப் பிடிக்கும் வசதி 5.7 கெர்னலில் அனானிமஸ் மெமரிக்கு (எந்தக் கோப்போடும் சேராதது) மட்டும் வந்தது, 5.19-ல் ஷேர்ட் மெமரிக்கும் ஹியூஜ் பேஜுக்கும் வந்தது. டிஸ்கில் இருக்கும் சாதாரணக் கோப்பு வரிசையில் நின்றுகொண்டே இருந்தது! 6.7-ல்தான் பேஜ்மேப் ஸ்கேன் வந்து, எழுதப்பட்ட பேஜ்களை ஒரே கூப்பிடலில் படித்து அழிக்கவும் வழி பிறந்தது. நல்ல வேலை, மறுக்கவில்லை. அதற்குத் தூண்டுதல் என்ன தெரியுமா? எழுதப்பட்ட பேஜ்களைச் சொல்லும் விண்டோஸின் கெட்ரைட்வாட்ச் வசதியை லினக்ஸில் நடித்துக் காட்ட வேண்டியிருந்தது. அந்த கெட்ரைட்வாட்சாவது கோப்பு மேப்பைப் பார்க்குமா? பார்க்காது, விர்ச்சுவல்அலாக் என்ற கூப்பிடல் மூலம் வாங்கிய மெமரி மட்டும்தான். சரி, 6.7 இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம், அதுவும் ஒரு ப்ராசஸின் அட்ரஸ் ஸ்பேஸைப் பற்றித்தான் பேசும். எனக்கு வேண்டியது கோப்பு. இந்தக் கோப்பில், யார் எழுதியிருந்தாலும், எந்தப் பகுதி மாறியது? இந்த ஒரு கேள்வி இவ்வளவு கஷ்டமா?

வயிறு எரிவது எதனால் என்றால், இந்தத் தகவல் இல்லாமல் இல்லை. சிபியு எழுதும்போதே பேஜ் டேபிளில் (பேஜ்களின் பட்டியல்) டர்ட்டி பிட்டைப் போட்டுவிடுகிறது, எக்ஸ்86-ல் (இன்டெல், ஏஎம்டி வகை சிபியு) அதற்கென்றே ஒரு பிட் உண்டு. 2006-ல் வந்த 2.6.19 முதல் லினக்ஸ், ஷேர்ட் மேப்பில் உள்ள கோப்பு பேஜ்களைத் தானே பூட்டி வைத்து, முதல் எழுத்தில் ஃபால்ட் வாங்கி, எது டர்ட்டி என்று கோப்பு வாரியாகக் கணக்கு வைக்கிறது. நான் எம்ப்ரொடெக்ட் வைத்து முட்டி மோதும் அதே வேலையை, எனக்கு முன்பே, என்னை விட ஒழுங்காக, எல்லா ப்ராசஸுக்கும் சேர்த்து அது செய்து முடித்திருக்கிறது. ஃபைல் சிஸ்டத்துக்குச் சொல்லும், ரைட்பேக்குக்குச் சொல்லும், என்னிடம் சொல்லாது! 6.5-ல் கேஷ்ஸ்டாட் வந்தது, கோப்பின் ஒரு பகுதியில் எத்தனை பேஜ் டர்ட்டி என்று எண்ணிக்கை தரும். எது என்று வேண்டுமென்றால் பேஜ் பேஜாகக் கேட்டுக்கொண்டு போக வேண்டும், அதற்குள் ரைட்பேக் வந்து துடைத்துவிட்டால் அந்தப் பேஜ் மாறியதற்குத் தடயமே இல்லை.

எல்லாம் கிடைத்தாலும் கிடைப்பது பேஜ் கணக்குதான். 8 பைட் மாறியதற்கு 4096 பைட், ஆப்பிள் சிலிக்கான் மெஷின் என்றால் 16 கிலோபைட், ஹியூஜ் பேஜ் என்றால் 2 மெகாபைட். எந்த 8 பைட் என்று தெரிய வேண்டுமானால் பழைய நகல் ஒன்றை வைத்துக்கொண்டு ஒப்பிட வேண்டும், அதாவது மெமரி இரண்டு மடங்கு. "ஹார்ட்வேர் வாட்ச்பாயின்ட் இருக்கிறதே" என்று ஒருவர் சீரியஸாகவே சொன்னார். மெமரியில் ஓர் இடத்தை சிபியுவே கண்காணிக்கும் வசதி அது, எக்ஸ்86-ல் மொத்தம் நான்கு, ஒவ்வொன்றும் அதிகபட்சம் 8 பைட். 32 பைட்டைக் கண்காணிக்கலாம், மிகவும் நன்றி.

ஒழுங்காகச் செய்கிறவர்கள் இல்லாமல் இல்லை. எல்எம்டிபி என்ற டேட்டாபேஸ் இயல்பாகவே மேப்பைப் படிக்க மட்டும் வைத்துக்கொண்டு, எழுதுவதை சிஸ்டம் கால் வழியாகச் செய்கிறது. மேப்பிலேயே எழுத வேண்டுமென்றால் நாமே கேட்டு ஒரு ஃபிளாக் போட வேண்டும். எழுதும் பாயின்டரை வெளியே வீசி எறியாமல் ஒரு ஃபங்ஷனுக்குப் பின்னால் வைத்தால், எந்த ஆஃப்செட்டில் எத்தனை பைட் என்று அந்த இடத்திலேயே குறித்துக்கொள்ளலாம், மேலே சொன்ன கூத்து ஒன்றும் தேவையில்லை. இதை ஸ்டோரேஜ் லேயர் எழுதியவர்களிடம் கேட்டால் "வேகம் குறைந்துவிடும்" என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் முழுக் கோப்பையும் முதலிலிருந்து படித்து பிளாக் பிளாக்காக ஹேஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற எண்) போட்டுக்கொண்டிருக்கிறேனே, அதை யாரும் அளந்து பார்க்க வருவதில்லை. படித்துக்கொண்டிருக்கும்போதே அவர்கள் நடுவில் எழுதினால் அந்த ஹேஷுக்கும் அர்த்தமில்லை, அது அவர்கள் கவலையும் இல்லை.