வீல் பிடிச்சு போறது திருட்டா?

போன ஆடில மொத தடவையா ஒரு சைக்கிள் ரேஸ்ல ஓட்டுனேன், 60 கிலோமீட்டர், திருநெல்வேலில இருந்து தென்காசி ரோட்டுல ஆலங்குளம் பக்கம் வரைக்கும் போயிட்டு அதே ரோட்டுல திரும்பி வரணும். முடிவ முதல்லயே சொல்லிருதேன், தோத்துட்டேன், அதுவும் கேவலமா. அது கூட பரவால்ல, அதுக்கப்புறம் எனக்கு ஆறுதல் சொல்ல வந்தவிய பேசுன பேச்சுதான் இத எழுத வச்சிருக்கு.

நடந்தது இதுதான். காலைல 6 மணிக்கு கொடி அசச்சாவ. பேட்டை தாண்டல அதுக்குள்ள எனக்கு சூடு ஏறிட்டு. ஆடிக்காத்து தெரியும்லா, செங்கோட்டை கணவாய் வழியா புகுந்து நேரா மூஞ்சில அடிக்கும், சும்மாவா ஆலங்குளம் சுரண்டை பக்கமெல்லாம் காத்தாடிய நட்டு வச்சு கரண்டு எடுக்காவ. அந்த காத்துல நான் முன்னால நின்னு மிதிக்கேன், பின்னால ஏழெட்டு பேரு என் பின் வீல ஒட்டி வரிசையா வாரானுவ, இதத்தான் வீல் பிடிக்கிறதுன்னு சொல்லுவாவ. எனக்கு பெரும தாங்கல, நான்தான் இழுத்துட்டு போறேன்னு நெனப்பு. 20 கிலோமீட்டருக்கு மேல அப்படியே இழுத்தேன். திரும்புற எடத்துல ரெண்டு காலும் பஞ்சு. காத்து முதுகுக்கு வந்ததும் அத்தன பேரும் சைடு வாங்கி போயிட்டானுவ, விடக்கூடாதுன்னு சீட்ட விட்டு எந்திரிச்சேன், தொட பிடிச்சிட்டு. பாக்கி தூரம் பூரா நானும் ஒரு தண்ணி பாட்டிலும்தான்.

வீட்ல மாமா சொல்லுதாவ, "நீ ஆம்பளப்புள்ள மாதிரி முன்னால நின்ன, அவனுவ உன் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சு வந்து ஜெயிச்சுட்டானுவ, திருட்டுப்பயலுவ." ஃப்ரெண்ட்ஸும் இதே பாட்டு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா மாமா, தப்பு உங்க மருமவன் மேலதான்.

மணிக்கு 30 கிலோமீட்டர தாண்டிட்டா சமதள ரோட்டுல நம்ம மிதிக்க மிதியில பெரும்பங்க காத்துதான் சாப்பிடும். வேகம் ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்கு, அத தள்ளுறதுக்கு வேணுங்கிற சக்தி எட்டு மடங்கு. முன்னால ஒருத்தன் காத்த கிழிச்சிட்டு போனா, பின்னால ஒட்டி வாரவனுக்கு கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு மிதி மிச்சம். இத வச்சுத்தான் ரோடு ரேஸே நடக்கு. தனித்தனியா நேரம் குறிச்சு ஓட விடுற டைம் ட்ரயல்ல வீல் பிடிச்சா தப்பு, அங்க ரூலே இருக்கு. ரோடு ரேஸ்ல அது தப்பு இல்ல, அதான் வித்தையே. கபடில தொட்டுட்டு ஓடியாந்தவன கோழைன்னு யாராவது சொல்லுவாவளா?

அப்ப எனக்கு கோவமே இல்லையான்னா, இருக்கு. முன்னால ஒரு நிமிசம் நின்னுட்டு ஒதுங்கி பின்னால போயிரணும், அடுத்தவன் வரணும், அவன் ஒதுங்கணும், இப்படி சுத்திச்சுத்தி வந்தாத்தான் அந்த ஏழெட்டு பேருமே வேகமா போயிருப்போம். நான் முழங்கைய ஆட்டி முன்ன வாங்கன்னு கூப்பிட்டிருக்கணும், கூப்பிடல. கூப்பிட்டும் ஒருத்தன் வரலன்னா அவன திட்டலாம், அது நியாயம். வீல் பிடிக்கிறது திருட்டு இல்ல, மொற வரும்போது நழுவுறதுதான் திருட்டு.

இதெல்லாம் கத்துக்காம நம்மாளுவ என்ன செய்தாவன்னா, லட்சக்கணக்குல போட்டு கார்பன் சைக்கிள் வாங்குதாவ. உலக சைக்கிள் ரேஸ் சங்கமான யுசிஐயோட ரூல்படி பெரிய ரேஸ்ல 6.8 கிலோவுக்கு கீழ சைக்கிள் இருக்கவே கூடாது, நம்மாளு அத விடவும் 200 கிராம் கொறைக்கலாமான்னு கேக்கான், தொப்பைல நாலு கிலோ அல்வா கிடக்கு. (என்னையும் சேத்துத்தான் சொல்லுதேன்.) அந்த காசுல டயர்லயும் அம்பது கிராம் கொறச்சு வாங்கி ஓட்டுனா நம்மூரு உடமுள்ளு ஒண்ணே போதும், சோலி முடிஞ்சிரும். சாப்பாட்டுக்கும் அப்படித்தான், வெளிநாட்டு ஜெல்லு பாக்கெட்டுலாம் எதுக்கு, ரெண்டு வாழப்பழமும் கோவில்பட்டி கடலமிட்டாயும் சட்டைக்குப் பின்பக்க பையில இருந்தா ஜம்முனு ஓட்டலாம், என்ன, மிட்டாய ஓட்டும்போது கடிக்கத்தான் கொஞ்சம் தெறம வேணும்.

இன்னொன்னு, இது ரேஸ் நடத்துறவியளுக்கு. எதிர்காத்து கூட சமாளிச்சிரலாம், பக்கக்காத்துதான் ஆபத்து. கயத்தாறு பக்கம் வடக்க பாத்து ஓட்டிப் பாத்தவியளுக்கு தெரியும், காத்து இடப்பக்கத்துல இருந்து அடிக்கும், அப்ப காத்து படாத ஒதுக்கம் முன்னால போறவனுக்கு நேரா பின்னால இருக்காது, வலப்பக்கம் சாய்ஞ்சு இருக்கும். அதனால கூட்டமே விசிறி மாதிரி ரோட்டு நடுவுக்கு விரியும், அங்கதான் ஆம்னி பஸ்ஸு 100ல வருவான். ரோட்ட மறிக்க முடியாதுன்னா அந்த மாதிரி எடத்துல, அந்த மாசத்துல ரேஸ் வைக்காதீய. மெடல் நல்லா இருந்து என்னத்துக்கு.

ரேஸ் முடிஞ்சு ரெண்டு வாரம் கழிச்சு முக்கூடல் ரோட்டுல தனியா ஓட்டிட்டிருந்தேன், நல்ல எதிர்காத்து. கேரியர்ல வாழத்தார் கட்டுன பழைய சைக்கிள்ல ஒரு அண்ணாச்சி, அறுபது வயசு இருக்கும், எப்ப வந்தாவன்னே தெரியல, என் பின் வீலுக்கு ஒரு மொழம் தள்ளி வந்துட்டிருக்காவ. நான் திரும்பிப் பாத்ததும், "தம்பி நிறுத்தாதீய, காத்து நல்லா மறைக்கி"ன்னாவ. ஒரு கிலோமீட்டர் போயிருப்போம், தானா வேகங்கூட்டி முன்னால ஏறி வந்துட்டாவ, "இனி நீங்க பின்ன வாங்க". நான் வேண்டாம்னு சொல்லல, அந்த வாழத்தாருக்குப் பின்னால நல்ல ஒதுக்கம்.

அடுத்த ரேஸ் மார்கழில, அப்ப இந்த காத்து இருக்காது. அதுக்கு முன்னாடி சுத்தி வந்து ஓட்டிப் பழகணும்னு நாலு பேரு சேந்திருக்கோம், ஞாயித்துக்கெழம காலைல அஞ்சர, வண்ணாரப்பேட்ட. வாரவிய ஒரு ட்யூபும், முள்ளு எடுக்க ஊக்கும் கொண்டாங்க.